பின்வளவில் ஒரு காஸ் அடுப்பு

பருத்தித்துறையிலிருந்து ஒரு சகோதரி எமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். அவருடைய மகன் கனடாவில் ஸ்காபரோவிலே குடியிருக்கிறார். வரும் கோடைக்குத் தாயாரை அங்கு அழைத்திருக்கிறார். அழைப்போடு ஒரு படமும் வந்திருக்கிறது. வீட்டின் பின்வளவில், புல்தரையின் ஓரத்தில், வெள்ளி போலப் பளபளக்கும் ஒரு பெரிய பெட்டி. அதன் வயிற்றுக்குள் ஒரு காஸ் சிலிண்டர். முன்னே கையிற் குறடுடன் மகன். "அம்மா வந்ததும் இதிலேதான் சமையல்" என்று படத்தின் கீழே ஒரு வரி. அன்றிரவு சகோதரிக்கு நித்திரை வரவில்லையாம். "இது வெடிக்குமா, வெடிக்காதா? வெடிக்காது என்றால் இதைக் கையாளும் முறை என்ன? பேரப்பிள்ளைகள் இருவரும் அதைச் சுற்றியே ஓடித் திரிகிறார்களாம்" என்று கேட்டிருக்கிறார்.

அவருடைய அச்சம் காரணமில்லாத அச்சமன்று. 2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் இந்நாட்டின் பல ஊர்களிலும் சமையலறைகளிற் காஸ் கசிந்து தீப்பற்றியதும், அடுப்புகளின் கண்ணாடித் தட்டுகள் வெடித்துச் சிதறியதும் நாள்தோறும் செய்தியாயின. ஆராய்வதற்கு ஜனாதிபதியால் ஒரு குழுவும் நியமிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, அதே சிலிண்டருக்காக விடிய விடிய வரிசையில் நின்றோம். ஆகவே நம் தாய்மார் காஸ் என்றதும் ஒரு கணம் தயங்குவதைக் கோழைத்தனம் என்று நாம் சொல்லமாட்டோம்.

எனினும் அந்தப் பளபளக்கும் பெட்டியோடு நாமும் பழகியவரே. அதே ஸ்காபரோவில் எம் மகள் வீட்டில் மூன்று கோடைகள் அதன் முன்னே நின்றிருக்கிறோம். ஒரு முறை அதனிடம் தண்டனையும் பெற்றிருக்கிறோம். அந்தக் கதையைப் பின்னாற் சொல்வோம்.

பார்பிக்கியூ என்னும் பெயர் கரீபியன் தீவுகளிற் பிறந்தது. அங்கிருந்த தைனோ மக்கள் தீயின்மேல் தடிகளாற் பரண் கட்டி மீனையும் இறைச்சியையும் வாட்டினார்கள். அந்தப் பரணுக்கு அவர்கள் இட்ட பெயரே ஸ்பானியர் வாயிற் புகுந்து, ஆங்கிலத்தில் இன்றைய உருவம் பெற்றது. பெயர் அந்நியம், செயல் நமக்கு அந்நியமன்று. இரும்புக் கோலிற் கோத்துச் சுட்ட இறைச்சியைப் பொருநராற்றுப்படை பேசுகிறது. நம் கரையோரங்களிலோ சிரட்டைத் தணலிற் சுட்ட மீனுக்கும் வாட்டிய கணவாய்க்கும் இலக்கியச் சான்று தேட வேண்டியதில்லை. அமெரிக்காவிலே 1952ஆம் ஆண்டு, சிக்காகோ நகரை அடுத்து, கடலில் மிதக்கவிடும் இரும்பு மிதவைகள் செய்த வெபர் பட்டறையில் வேலை பார்த்த ஜோர்ஜ் ஸ்ரீபன் என்பவர், ஒரு மிதவையை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கரிச்சட்டியாகவும் மறுபாதியை மூடியாகவும் ஆக்கினார். மூடி வந்ததே பெரிய மாற்றம். காற்றும் மழையும் அடங்கின. அதன் பின் 1960களிற் கரியின் இடத்தைக் காஸ் பிடிக்கத் தொடங்கியது. தணல் பிடிக்கும்வரை அரைமணி நேரம் விசிறிக்கொண்டு நிற்கும் வேலை ஒழிந்தது. குமிழைத் திருகினால் தீ. திருப்பித் திருகினால் இல்லை. வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு வீடு வரும் தம்பதிகளுக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பதை அங்கு போய்ப் பார்த்தவர்களே அறிவர்.

சுவையிற் கரிக்கு ஈடில்லை என்பதே எம் கட்சி. காஸ் தீக்குத் தனக்கென ஒரு மணம் கிடையாது. எரிகுழாய்களுக்கு மேலே கூரை போல வளைத்த இரும்புப் பட்டைகள் வைத்திருப்பார்கள். முன்னாளில் அவ்விடத்தில் எரிமலைக் கற்கள் இருந்தன. 1985ஆம் ஆண்டளவில் இப்பட்டைகள் வந்தன. இறைச்சியிலிருந்து வடியும் கொழுப்பும் சாறும் அந்தச் சூடான பட்டையில் விழுந்து புகையாகி மேலெழுந்து, மறுபடியும் இறைச்சியிலே படிகின்றன. "பார்பிக்கியூ வாசம்" என்று நாம் சப்புக்கொட்டுவது பெரும்பாலும் அதுதான்.

இனி, வாங்குவது எப்படி என்பதைப் பார்ப்போம். சகோதரியின் மகன் ஏற்கெனவே வாங்கிவிட்டார். ஆயினும் இந்தப் பகுதியை வாசிக்கும் எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகள் இனித்தான் வாங்கப் போகிறார்கள்.

எம் மகள் வீட்டுக்கு முதலில் வந்தது ஆறு எரிகுழாய்கள் உள்ள பெரிய அடுப்பு. கோடை முடிவில் மலிவு விற்பனை என்று ஒரு பெரிய கடையிற் கண்டு, மருமகன் ஆசையோடு தள்ளிக்கொண்டு வந்தார். மூன்றாம் பனிக்காலம் கழிந்து உறையை நீக்கியபோது எரிகுழாய்களில் இரண்டு துருவேறித் துளைவிட்டிருந்தன. அடித்தட்டு விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. வெளித்தகடு மாத்திரம் மணவறை போல மினுங்கிக்கொண்டேயிருந்தது. அன்று கற்ற பாடம் இது: வெளியே மினுங்குவதைப் பார்த்து வாங்கக்கூடாது, மூடியைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும். எரிகுழாய் எவ்வளவு தடிப்பு? எத்தனை ஆண்டு உத்தரவாதம்? மூடியை ஒரு கையால் அசைத்தால் முழுப் பெட்டியும் ஆடுகிறதா? பழுதான குழாயைத் தனியாக வாங்க முடியுமா? இவற்றைக் கேட்டறிந்த பின்பே விலையைக் கேட்க வேண்டும். சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் கொண்டுபோவதும் நன்று. துருவை நன்கு தாங்கும் உயர்ந்த எவர்சில்வரிற் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. மலிந்த வகையில் ஒட்டும். கடைக்காரர் முகம் கோணலாம்; கோணட்டும்.

மேலே இறைச்சி வைக்கும் கம்பித்தட்டு வார்ப்பிரும்பாக இருந்தால் சூட்டை நன்கு பிடித்து வைத்திருக்கும். நம் தோசைக்கல்லின் குணம் அதற்கு உண்டு. ஆனால் தோசைக்கல்லைப் போலவே எண்ணெய் தடவிப் பேணாவிட்டாற் துருப்பிடிக்கும். கவனிக்க நேரமில்லாத வீட்டுக்கு எவர்சில்வர்த் தட்டே போதும்.

விளம்பரங்களில் "பி.ரி.யு." என்றொரு இலக்கத்தைப் பெரிதாகப் போடுவார்கள். ஓர் இறாத்தல் தண்ணீரின் உஷ்ணத்தை ஒரு பாகை பரன்ஹைற் உயர்த்தும் வெப்பமே ஒரு பி.ரி.யு. அடுப்பின் பெயர்ப்பலகையில் 60,000 என்று கண்டவுடன் அது மிகச் சிறந்தது என்று மயங்கக்கூடாது. அந்த வெப்பம் எவ்வளவு பரப்பிற் பரவுகிறது என்பதே கேள்வி. மொத்த இலக்கத்தைக் கம்பித்தட்டின் பரப்பாற் பிரித்துப் பாருங்கள்; ஒரு சதுர அங்குலத்துக்கு 80 முதல் 100 வரை வந்தாற் போதுமானது. மூடி இறுக்கமாகப் பொருந்தும் அடுப்புக்கு அதிலும் குறைந்தாலும் குறையில்லை. நாலைந்து பேருள்ள குடும்பத்துக்கு மூன்று எரிகுழாய்கள் கொண்ட அடுப்பு தாராளம். இரண்டுக்குக் குறைந்தது மாத்திரம் வேண்டாம். ஏன் என்பதைச் சமையல் பற்றிச் சொல்லும்போது காண்போம்.

மாணவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. அங்கு வழக்கமான சிலிண்டரில் 20 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 9 கிலோ புரப்பேன் அடங்கும். ஓர் இறாத்தல் எரிந்தால் ஏறக்குறைய 21,500 பி.ரி.யு. வெப்பம். மணிக்கு 30,000 பி.ரி.யு. கொள்ளும் அடுப்பை முழுவீச்சில் எரித்தால் அந்தச் சிலிண்டர் எத்தனை மணி நேரம் வரும்? பதினான்கு மணி நேரமும் சில நிமிடங்களும் என்று வந்தால் உங்கள் கணக்குச் சரி. எவரும் முழுவீச்சில் எப்போதும் எரிப்பதில்லையாதலால், வாரம் ஒரு முறை சமைக்கும் வீட்டில் ஒரு சிலிண்டர் கோடையின் பெரும்பகுதிக்குக் காணும்.

புரப்பேன் என்றோம். நம் சமையலறைச் சிலிண்டரிற் புரப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். இரண்டும் அமுக்கத்தாற் திரவமாக்கி அடைக்கப்பட்டவை. குமிழைத் திறந்ததும் கொதித்து வாயுவாகி வருகின்றன. பியூட்டேன் கொதிப்பது ஏறக்குறைய நீர் உறையும் சூட்டிலே. புரப்பேன் கொதிப்பதோ சுழிக்குக் கீழே 42 பாகை செல்சியஸிலே. கனடாவின் பனிக்காலத்திற் பியூட்டேன் சிலிண்டரைத் திறந்தால் ஒன்றும் வராது, திரவமாகவே கிடக்கும். அதனாலேயே அங்கு புரப்பேன். ஆனால் ஒரே சூட்டிற் புரப்பேனின் அமுக்கம் பியூட்டேனின் அமுக்கத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. 2021இல் நம் நாட்டிற் கலவையின் விகிதம் மாறியது பற்றி ஊரெங்கும் பேச்சு எழுந்ததன் காரணத்தையும் இதிலிருந்தே மாணவர்கள் விளங்கிக்கொள்ளலாம். அமுக்கம் கூடினால், தேய்ந்த றப்பர் வளையமும் பழைய குழாயும் அதைத் தாங்குமா என்பதே கேள்வியாகிறது.

புரப்பேன் காற்றிலும் ஒன்றரை மடங்கு பாரமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீரைப் போலத் தாழ்ந்த இடம் தேடி ஓடும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்தாற் பல விதிகள் தாமே விளங்கும். சிலிண்டரை வீட்டின் நிலக்கீழ் அறையில் வைக்கக்கூடாது என்கிறார்களே, ஏன்? அங்கு கசிந்தது அங்கேயே தங்கும். பின்வளவிலே காற்றோட்டத்தில் வை என்கிறார்களே, ஏன்? கசிந்தாலும் கலைந்து போகும். மூடிய பெட்டிக்குள் அது குளம் போலத் தேங்கும். அந்தக் குளத்தின் அருகே பொறி ஒன்று பட்டால் என்ன ஆகும் என்பதை எம் அனுபவத்திலிருந்தே சொல்லிவிடுகிறோம்.

அது 2018ஆம் ஆண்டு, ஆடி மாதத்து ஞாயிறு. மகளின் பிறந்தநாளுக்குப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். மருமகன் ஐஸ் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். "நான் மூட்டி வைக்கிறேன்" என்று நாமே பெரிய மனிதராக முன்வந்தோம். காற்றுப் பலமாக வீசியது. ஊரிலே அடுப்பை மறைத்துக் கையைக் குவித்துத் தீ மூட்டிய பழக்கம். அதே புத்தியில் மூடியை இறக்கி வைத்துவிட்டுக் குமிழைத் திருகினோம். பொறி தட்டும் பொத்தானை அழுத்தினோம், "டிக், டிக்" என்றது, தீ வரவில்லை. மறுபடியும் அழுத்தினோம். மறுபடியும். காஸ் வந்துகொண்டேயிருந்தது. பக்கத்திலே ஆறு வயதுப் பேத்தி கோப்பையை ஏந்தியபடி, "தாத்தா, இன்னும் இல்லையா?" என்று நின்றாள். அவள் அம்மா ஏதோ காரணத்துக்காக உள்ளிருந்து கூப்பிட்டாள். பிள்ளை திரும்பி நாலைந்து அடி போயிருக்கும். நாம் ஐந்தாவது முறை பொத்தானை அழுத்தினோம்.

சத்தம் அவ்வளவு பெரிதன்று; ஈரச் சாக்கைத் தரையில் ஓங்கி அடித்தாற்போல இருந்தது. மூடி தானாக மேலே எழுந்து பின்னால் விழுந்தது. முகத்திலே ஒரு சூட்டுக் காற்று. இரு புருவங்களும் வலக்கை மயிரும் கருகின. கோழி பொசுக்கிய நாற்றம். ஒரு வாரத்தில் எமது தோல் ஆறிவிட்டது. ஆனால் அந்தப் பிள்ளை நின்ற இடத்தின் உயரத்தை மனம் அளந்துகொண்டேயிருந்தது: அடுப்பின் வாய்க்கு நேரே அவளுடைய முகம். துணைவியார் அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகவே, சகோதரியே, மகனிடம் முதலாவதாகக் கேட்க வேண்டியது இதுதான்: மூட்டும்போது மூடி திறந்திருக்கிறதா? எந்தக் காற்றானாலும், எவ்வளவு அவசரமானாலும், மூடி திறந்த பின்னரே குமிழைத் தொட வேண்டும். திருகி, பொறி தட்டி, நாலைந்து விநாடிகளிற் தீ பிடிக்காவிட்டால் உடனே குமிழை மூடிவிட வேண்டும். மூடியைத் திறந்தபடியே விட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து, மறுபடி முயல வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் வெங்காயம் நறுக்கலாம். முகத்தை அடுப்பின் மேலே நீட்டி உள்ளே எட்டிப் பார்க்கும் வழக்கமும் ஆகாது. பிள்ளைகள் நிற்பதற்கு நிலத்திலே சுண்ணாம்பாற் கோடு ஒன்று கீறி வைப்பது எம் மருமகன் பின்னர் கண்ட வழி. அந்தக் கோட்டை இன்றும் ஒவ்வொரு கோடையும் புதுப்பிக்கிறார்.

இரண்டாவது, கசிவுப் பரிசோதனை. காசில்லாத வேலை. கோப்பை கழுவும் சவர்க்காரத்தைத் தண்ணீரிற் கரைத்து, அடுப்பின் குமிழ்கள் எல்லாம் மூடியிருக்கச் சிலிண்டரை மாத்திரம் திறந்து, பொருத்துக்களிலும் றப்பர்க் குழாயிலும் தூரிகையாற் பூச வேண்டும். நுரைக் குமிழி வளர்ந்தால் கசிகிறது என்று பொருள். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும், கோடையின் தொடக்கத்தில் ஒரு முறையும் இதைச் செய்தாற் போதும். தீக்குச்சியைக் கிழித்துக் கசிவு தேடுகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். நம் மூக்கும் ஒரு காவலன். வாயுவுக்கு இயற்கையில் நாற்றமில்லாதபடியால், அழுகிய முட்டைக்கோசு நாற்றமுள்ள ஒரு வஸ்துவைக் கலந்தே விற்கிறார்கள். இவை நம் ஊர்ச் சமையலறைக்கும் பொருந்தும். இன்றே ஒரு முறை செய்து பார்ப்பதில் எந்தக் குறையும் இல்லை.

சிலிண்டரின் கழுத்துப் பட்டியில் மாதமும் ஆண்டும் பொறித்திருப்பார்கள். கனடாவிலே பத்து ஆண்டு கடந்ததை மறுபரிசோதனை செய்யாமல் நிரப்பமாட்டார்கள். நிரப்பும்போதும் ஐந்தில் நான்கு பங்குக்கே நிரப்புவார்கள். வெயிலில் திரவம் விரிவதற்கு மிகுதி இடம் வேண்டும். காரிலே கொண்டுவரும்போது நிமிர்த்தி வைத்து, யன்னலைத் திறந்துவிட்டு, நேரே வீட்டுக்கு வர வேண்டும். பயணத்தின் நடுவே சாமான் வாங்க இறங்கி, வெயிலில் நிற்கும் காருக்குள் அதை விட்டுப் போகக்கூடாது.

அடிக்கடி கேட்கும் ஒரு முறைப்பாடு உண்டு: "புதிய சிலிண்டர் போட்டும் தீ மெழுகுதிரி போல எரிகிறது." பழுதென்று நினைத்து அடுப்பைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் பலர். அடுப்பின் குமிழ் திறந்திருக்க, சிலிண்டரைச் சட்டென்று திறந்தால், வாயு வேகமாகப் பாயும். எங்கோ குழாய் அறுந்துவிட்டது என்று எண்ணிக் காவற் பொறியொன்று வழியைக் குறுக்கிவிடும். அதற்குப் பரிகாரம், எல்லாவற்றையும் மூடி, றெகுலேற்றரைக் கழற்றிச் சற்றுப் பொறுத்து, மறுபடி பூட்டி, சிலிண்டரை மெல்ல மெல்லத் திறப்பதே. முதலிற் சிலிண்டர், பின்பு குமிழ், அதுவும் ஆறுதலாக.

இன்னொரு குற்றவாளி சிலந்தி. பனிக்காலம் முழுவதும் சும்மா கிடக்கும் எரிகுழாயின் வாயிற் சிலந்தி கூடு கட்டிவிடும். வழி அடைபட்டால் வாயு பின்புறமாக வழிந்து, குமிழ்களின் பக்கத்திலே தீப்பிடிக்கும். இவ்வளவு பெரிய இரும்புச் சாதனத்தை ஒரு நூலாற் கெடுக்கும் அந்தப் பூச்சியை வியக்காமலும் இருக்க முடியவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை குழாய்களைக் கழற்றி, நீண்ட தூரிகையாற் துடைக்க வேண்டும். தீ நீலமாக, நுனி மாத்திரம் சிறிது மஞ்சளாக எரிந்தாற் சரி. முழுவதும் மஞ்சளாகச் சோம்பி எரிந்தால் எங்கோ அடைப்பு.

அடுப்பை வைக்கும் இடம் வீட்டுச் சுவரிலிருந்து மூன்று மீற்றராவது விலகியிருப்பது உத்தமம். அங்கு பல வீடுகளின் வெளிச்சுவரில் பிளாஸ்ரிக் பலகை ஒட்டியிருப்பார்கள். அது தீப்பிடிக்கு முன்பே சூட்டில் உருகித் தொங்கிவிடும். மழை வந்தது என்று கார்க் கொட்டகைக்குள் தள்ளிச் சமைப்பதை நாம் கண்ணாற் கண்டிருக்கிறோம். அங்கே தீயை விட அஞ்ச வேண்டியது காபன் மொனொக்சைட்டு. நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை, தலைச்சுற்று வரும்போது காலம் கடந்திருக்கும். மாடி வீட்டில் இருப்பவர்கள் கட்டட நிர்வாகத்தின் விதியைக் கேட்ட பின்பே வாங்க வேண்டும். பல கட்டடங்கள் மேன்மாடங்களிற் காஸ் அடுப்பை அனுமதிப்பதில்லை.

இனிச் சமையல். நம்மவர் செய்யும் பெரிய தவறு, எல்லா எரிகுழாய்களையும் முழுவீச்சில் விட்டு, கோழிக்காலை அடுக்கி, வெளியே கரியாகவும் எலும்பருகே இரத்தமாகவும் எடுப்பது. மிளகாய்த்தூள் எளிதிற் கருகும். சீனியோ அதைவிட விரைவிற் கருகும். தூளும் சீனியும் எண்ணெயும் சேர்த்துப் பிரட்டிய இறைச்சி சுவாலையில் நின்றுபிடிக்காது. ஊரிலே நம் பாட்டிமார் கொள்ளிகளை ஒரு பக்கம் இழுத்து, தணலை மறுபக்கம் தள்ளி, "இங்கே கொதிக்கட்டும், அங்கே வேகட்டும்" என்று ஒரே அடுப்பை இரண்டாக்கினார்களே, அதுவே இங்கும் வித்தை. ஒரு பக்கத்து எரிகுழாயை நன்கு எரியவிட்டு, மறுபக்கத்தை அணைத்துவிட வேண்டும். கோழியை முதலில் அணைந்த பக்கத்தில் வைத்து மூடினால், சூட்டுக் காற்றிலே உள்வரை வேகும். கடைசி ஐந்து நிமிடம் எரியும் பக்கத்துக்கு மாற்றினால் நிறமும் மணமும் வரும். இரண்டு எரிகுழாய்களாவது வேண்டும் என்றது இதற்காகவே.

வெந்ததா என்பதை நிறத்தால் அறிய முடியாது. இறைச்சியிற் குத்தும் உஷ்ணமானி ஒன்று வாங்கிவிடுவது நல்லது. கோழித் துண்டு, எலும்பைத் தொடாமல் மிகத் தடித்த இடத்தில், 74 பாகை செல்சியஸ். முழுக் கோழியானால் 82. அரைத்த இறைச்சிக்கு 71. இவை கனடாச் சுகாதாரத் திணைக்களம் சொல்லும் அளவுகள். மூடியில் இருக்கும் மானி உள்ளே இருக்கும் காற்றின் உஷ்ணத்தையே காட்டும். இறைச்சியின் உள்ளே நடப்பது அதற்குத் தெரியாது. பச்சை இறைச்சி வைத்த கோப்பையிலேயே சுட்டதை எடுத்து வைக்கக்கூடாது என்பதைச் சொல்லத்தான் வேண்டுமா? பதினைந்து விருந்தினர் நடுவே அதை மறப்பவர்கள் மிகப் பலர்.

கொழுப்பு வடிந்து சுவாலை எழுந்தால், இறைச்சியை அணைந்த பக்கத்துக்கு இழுத்தாற் போதும். அடித்தட்டின் கொழுப்பே தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. கொதிக்கும் எண்ணெயில் நீர் பட்டாற் போலச் சிதறித் தீ பரவும். குமிழ்களை மூடி, மூடியை இறக்கி, எட்டினாற் சிலிண்டரையும் மூடிவிட வேண்டும். அடித்தட்டை மாதம் ஒரு முறை சுரண்டிச் சுத்தம் செய்யும் வீட்டில் இந்த அவதி வராது. கம்பித்தட்டைத் தேய்க்கும் கம்பித் தூரிகையிலும் ஓர் ஆபத்து உண்டு. உதிர்ந்த கம்பி ஒன்று உணவோடு தொண்டையிற் சிக்கி, சத்திரசிகிச்சை வரை போனவர்கள் இருக்கிறார்கள். சூடான தட்டிலே பாதி வெங்காயத்தை முள்ளுக்கரண்டியிற் குத்தித் தேய்ப்பது எம் துணைவியார் முறை. அழுக்கும் போகும், மணமும் பிடிக்கும்.

துணைவியார் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. வெள்ளிக்கிழமைகளிலும் விரத நாள்களிலும் அவர் சைவம். இறைச்சி சுட்ட தட்டிலே தமக்கென ஒரு கத்தரிக்காயும் வாட்டமாட்டார். மருமகன் அவருக்கென்று தனியாக ஒரு வார்ப்பிரும்புத் தட்டு வாங்கி, சமையலறையில் வேறிடத்தில் வைத்துவிட்டார். விலை அதிகமில்லை, அதனால் வந்த மகிழ்ச்சி பெரிது. முழுக் கத்தரிக்காயை முள்ளாற் குத்தி (குத்தாவிட்டால் வெடிக்கும்), எரியும் பக்கத்தில் தோல் கருகும்வரை புரட்டி, உரித்து மசித்து, வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய்ப்புளி, சிறிது தேங்காய்ப்பால் சேர்த்த சம்பலை, கோழிக்காக வந்தவர்கள் பாணோடு முடித்துவிட்டார்கள். சோளப்பொத்தியைத் தோலோடு சுடுவதும் அப்படியே. மீன் வைப்பதானால் எண்ணெயைத் தட்டுக்குத் தடவாமல் மீனுக்குத் தடவ வேண்டும். தட்டு நன்கு சூடேறிய பின்பே வைக்க வேண்டும். வைத்த பின் நோண்டக்கூடாது. அறுக்குளாத் துண்டு சுட்டு முடிந்ததும் தானே தட்டை விட்டுவிடும். விடவில்லையென்றால் இன்னும் நேரம் இருக்கிறது.

கடிதத்தின் கடைசியில் சகோதரி இன்னொன்றும் கேட்டிருக்கிறார். மகன் புதிய அடுப்பு வாங்கியபடியால், பழையதைக் கப்பற் பெட்டியிற் போட்டு ஊருக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறாராம், இங்குள்ள 12.5 கிலோ சிலிண்டரோடு உள்ளூர்த் தொழிலாளி ஒருவர் பொருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

வேண்டாம். அந்த அடுப்பின் றெகுலேற்றரும் துளைகளும் புரப்பேனுக்கென்று அளந்து செய்தவை. பூட்டும் வாயும் நம் சிலிண்டரின் வாயன்று. இடையிலே துண்டுக் குழாயும் கம்பிக்கட்டும் போட்டு ஒட்டுவேலை செய்தாற் தீ எரியத்தான் செய்யும். எத்தனை நாள் ஒழுங்காக எரியும் என்பதற்கு அந்தத் தொழிலாளி உத்தரவாதம் தரமாட்டார். பருத்தித்துறையிற் சிரட்டைக்கும் குறைவில்லை, கடல் மீனுக்கும் குறைவில்லை. பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது முற்றத்தில் மூன்று கல் வைத்து, சிரட்டைத் தணல் வெளிறிச் சாம்பல் பூத்த பின், இரும்பு வலைத்தட்டொன்றை மேலே வைத்து அவர்களுக்கு மீன் சுட்டுக் கொடுங்கள். கப்பற் கூலிக்கு வைத்த பணம் வலைத்தட்டுக்குப் போக மிகுதியாக நிறைய இருக்கும்.

பனிக்காலத்தில் அடுப்பை எப்படி மூடி வைப்பது என்று வவுனியா மாணவர் ஒருவர், தம் அண்ணனுக்காகக் கேட்டிருக்கிறார். அதற்கு அடுத்த வாரம் இடம் ஒதுக்குவோம்.